வாணலியில் மிஞ்சிய எண்ணெய்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தீபாவளிப் பலகாரம் சுட்டு முடித்தபின் வாணலியில் முக்கால் லிட்டர் கடலை எண்ணெய் மிஞ்சிவிட்டது. முறுக்கும் அதிரசமும் அதில்தான் சுட்டேன். கொட்டவும் மனம் வரவில்லை. புளித்துண்டு ஒன்றைப் போட்டுப் பொரித்து எடுத்துவிட்டால் எண்ணெய் சுத்தமாகிவிடும் என்கிறார் என் மாமியார். இதை இன்னும் எத்தனை முறை பயன்படுத்தலாம்?
- வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கியவருக்குக் கொட்ட மனம் வராதது இயல்பே. ஆனால் எத்தனை முறை என்று கேட்பதற்கு முன், அந்த எண்ணெயில் என்ன பொரிந்தது என்று பார்க்க வேண்டும். நம் ஊர் ஜவ்வரிசி வடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் காய்ந்து ஈரம் போன பண்டம் அது. போட்ட நொடியில் பொரிந்து மேலே வந்துவிடுவதால் எண்ணெய் ஏறக்குறைய அப்படியே இருக்கும். முறுக்கு பிழியும்போது மாவுத்தூள் உதிர்ந்து அடியில் கருகும். அதிரசத்தின் வெல்லமோ எண்ணெயில் இறங்கிக் கருகி, நிறத்தையும் மணத்தையும் மாற்றிவிடும். ஆகவே அடுத்த முறை வடகம், முறுக்கு, தட்டுவடை ஆகியவற்றை முதலில் சுட்டு, அந்த எண்ணெயில் தேவைக்கு மேற்பட்டதை எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியதில் அதிரசத்தைக் கடைசியாகச் சுடுங்கள். மீன் பொரித்த எண்ணெயை வேறு எதற்கும் வைக்கவே வேண்டாம்.

சூட்டில் காற்றுப் படுவதாலும், பண்டத்திலுள்ள ஈரம் கலப்பதாலும் எண்ணெயின் கொழுப்பு உடைகிறது. உடைந்த கொழுப்பிலிருந்து அமிலம் பிரியப் பிரிய, முன்பு புகையாத சூட்டிலேயே எண்ணெய் புகையத் தொடங்கும். பிறகு கெட்டியாகி வாணலியின் விளிம்பில் பிசினாய் ஒட்டும். உங்கள் மாமியார் சொல்லும் புளி, வாடையையும் நுரையையும் ஓரளவு அடக்கலாம். உடைந்த கொழுப்பை அது மீண்டும் ஒட்டவைப்பதில்லை. வாடை குறைந்ததை எண்ணெய் தேறிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அவரிடம் பணிவுடன் எடுத்துச் சொல்லுங்கள்.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், இவ்வாறு உடைந்து சேரும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தியது. வீட்டில் அதை அளக்க நமக்குக் கருவி இல்லை. தவிர்க்க முடியாவிட்டால் மூன்று முறைக்கு மேல் சூடாக்க வேண்டாம் என்பது அதே ஆணையத்தின் அறிவுரை. என் கருத்து இன்னும் கண்டிப்பானது: பொரித்த எண்ணெயில் மறுபடி பொரிக்காதீர்கள், தாளிக்கவும் வதக்கவும் பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். நாளொன்றுக்கு நான்கு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 60 மில்லி செலவாகும் வீட்டில் உங்கள் முக்கால் லிட்டர் 12 நாளில் தீர்ந்துவிடும்.

அதுவரை அதைக் காப்பது எப்படி என்பதுதான் முக்கியம். எண்ணெய் நன்றாக ஆறியபின் கசடு அடியில் தங்கவிட்டு, மேலாகத் தெளிந்ததை மட்டும் ஈரமில்லாத வேட்டித் துணியில் வடிகட்டி, மூடியுள்ள எவர்சில்வர் தூக்கிலோ பீங்கான் ஜாடியிலோ ஊற்றி, அடுப்பின் சூடும் வெளிச்சமும் படாத இடத்தில் வையுங்கள். இரும்பு வாணலியிலேயே மூடி வைப்பதும், பித்தளை, செம்புப் பாத்திரங்களில் ஊற்றி வைப்பதும் தவறு. அந்த உலோகங்கள் எண்ணெய் காறுவதை விரைவுபடுத்தும். புது எண்ணெயோடு கலக்கவே கூடாது. பழையது புதியதையும் கெடுக்கும். காறல் வாடை, அடங்காத நுரை, சீக்கிரம் எழும் புகை ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் நாள் கணக்குப் பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள். என் தாயார் குழிவான சிறிய வாணலியில் கால் லிட்டர் எண்ணெய் மட்டும் ஊற்றி, நான்கு நான்காகப் பொறுமையாகச் சுட்டெடுப்பார். நேரம் கூடுதலாக ஆனாலும் மிச்சம் கையளவே இருக்கும். எனக்குத் தெரிந்தவரை இதைவிட நல்ல சேமிப்பு இல்லை.

கேள்வி: எங்கள் மலையில் மார்கழிக் குளிரில் இரவு வைத்த ஆட்டுக்கறிக் குழம்பின் மேல் காலையில் கொழுப்பு வெள்ளையாக உறைந்து நிற்கிறது. அதை வழித்து வைத்துச் சமைக்கலாமா?
- வாசகர், ஏற்காடு

பதில்: வைக்கலாம். ஆனால் அது தனிக் கொழுப்பு அன்று. குழம்பின் நீரும் உப்பும் மசாலாவும் அதில் ஒட்டியிருக்கும், அந்த நீர்தான் முதலில் கெடும். வழித்தெடுத்ததை இளந்தீயில் உருக்கி, சலசலப்பு அடங்கும்வரை ஈரத்தைப் போக்கி, வடிகட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் அடுத்த கறிக்குழம்புக்கோ ஈரல் வறுவலுக்கோ தாளித்துவிடலாம். உங்கள் ஊர் சேலத்தைவிடக் குளிர்ச்சியானது என்பதற்காக அலமாரியில் வெளியே வைத்துவிடாதீர்கள். உறைந்திருப்பதும் கெடாதிருப்பதும் ஒன்றல்ல. அது நிறைவுற்ற கொழுப்பு என்பதால் அன்றாடச் சமையலுக்கு வேண்டாம். வீட்டில் இதய நோயாளி இருந்தால் வழித்து எறிந்துவிடுவதே நல்லது.

கேள்வி: கெட்டுப்போன எண்ணெயை எங்கே கொட்டுவது?
- வாசகி, ஓமலூர்

பதில்: பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டாதீர்கள், குழாயின் உட்புறத்தில் படிந்து, கழிவோடு சேர்ந்து இறுகி அடைத்துக்கொள்ளும். செடிக்கு ஊற்றினால் மண்ணில் நீரும் காற்றும் இறங்காது. கொஞ்சமாக இருந்தால் பழைய செய்தித்தாளில் ஊறவைத்துக் குப்பையில் சேருங்கள். பயன்படுத்திய எண்ணெயைத் திரட்டி பயோடீசல் ஆக்கும் திட்டத்தை மேற்சொன்ன ஆணையம் 2018 ஆகஸ்டில் தொடங்கியது. அதற்கென அங்கீகாரம் பெற்றுச் சேகரிப்பவர் உங்கள் பகுதிக்கு வந்தால், பாட்டிலில் சேர்த்து வைத்துக் கொடுக்கலாம். யாரென்று தெரியாமல் மலிவு விலைக்குக் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடாதீர்கள்; அது மறுபடி யாருடைய தட்டுக்கோ போய்ச் சேரக்கூடும்.