அப்பாவின் போல்ட் 9900ஐ எறிய வேண்டாம்

தங்கச்சி, மறைந்த அப்பாவின் பிளாக்பெரி போல்ட் 9900 போன் உயிர் பெறவில்லை, பற்றரி வீங்கிவிட்டது, வெள்ளவத்தைக் கடைக்காரர் எறியச் சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள். எறியாதீர்கள். அதிலுள்ள படங்கள் கிடைக்க வாய்ப்பு உண்டு.

வீங்கிய பற்றரியைச் சார்ஜில் போடவே வேண்டாம். பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள், பற்றரிக்குப் பக்கத்தில் மைக்ரோ எஸ்டி கார்ட் இருக்கலாம். அதை முதலில் கணினியில் போடுங்கள். படங்கள் திறந்தால் உடனே பிரதி எடுத்து வையுங்கள். கோப்புப் பெயர்கள் '.ரெம்' (ஆங்கில எழுத்துகளில்) என்று முடிந்தால் அவை பூட்டப்பட்டவை, பெரும்பாலும் அதே போன் இல்லாமல் திறக்காது.

அப்படியென்றால் ஜே-எம்1 என்ற பற்றரி தேவை. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விசாரியுங்கள். போன் எழும்பியதும் கடவுச்சொல்லை ஊகித்து அடிக்காதீர்கள்! வழக்கமான அமைப்பில் பத்துமுறை பிழைத்தால் எல்லாவற்றையும் தானே அழித்துவிடும். அம்மாவிடம் ஆறுதலாகக் கேளுங்கள்.

அழைப்புக்கு அதை நம்ப முடியாது. 2022 ஜனவரி 4 அன்று இந்தப் பழைய மொடல்களுக்கான சேவையை நிறுவனமே நிறுத்திவிட்டது. பிளாக்பெரிக்காரர் செய்தி அனுப்பிக்கொண்ட பிபிஎம் 2019 மே 31 அன்றே போய்விட்டது. ஒரு காலத்தில் காலி வீதி பஸ்ஸில் எந்தப் பக்கம் பார்த்தாலும் செய்தி வந்ததைக் காட்டும் அந்தச் சிவப்பு விளக்கு மின்னும், நம்பருக்குப் பதில், பிபிஎம்மில் சேர்க்கத் தேவையான போனின் அடையாளக் குறியீட்டைத்தான் "பின் என்ன?" என்று கேட்போம். இப்போது அந்த விசைப்பலகையைக் கண்டு எத்தனையோ வருடம்.

கார்டில் என்ன இருந்தது என்று எழுதுங்கள், அடுத்ததைப் பார்ப்போம்.