படகு இருக்க நடப்பது ஏன்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கிரேக்க நாட்டின் கிரீட் தீவின் தென்கரையில், ஆகியா ரூமெலியிலிருந்து லூத்ரோ வழியாக ஹோரா ஸ்ஃபாகியோன் வரை கடலோரமாக நடந்து செல்வதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வரும் மே மாதம் நானும் கணவரும் அங்கே செல்லவிருக்கிறோம். இருவரும் ஐம்பதைக் கடந்தவர்கள். இந்த நடை எங்களால் முடியுமா? எந்த முனையிலிருந்து தொடங்குவது நல்லது? படகில் ஒரு மணி நேரம்போலப் பிடிக்கும் தூரத்தை நாளெல்லாம் நடந்து கடப்பது சுற்றுலாக்காரர்கள் உண்டாக்கிய பொழுதுபோக்குதானே என்கிறார் என் கணவர். அதற்கும் உங்கள் பதிலை அறிய விரும்புகிறேன்.

வாசகி, கோயம்புத்தூர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கணவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இ4 என்னும் ஐரோப்பிய நெடும்பாதையின் மஞ்சள், கறுப்புக் குறிகளை வழிநெடுகக் காண்பவருக்கு, அது பயணிகளுக்காகவே போடப்பட்ட பாதை என்றுதான் தோன்றும். ஆனால் ஆகியா ரூமெலிக்கும் லூத்ரோவுக்கும் மோட்டார் வண்டி செல்லும் சாலை இன்றும் கிடையாது. கடல் கொந்தளிக்கும் நாட்களில் மனிதரும் கோவேறு கழுதைகளும் சென்ற வழி இதுதான். அது எங்கே செல்ல வேண்டும் என்பதை முடிவு செய்ததில் காட்சியழகுக்குப் பங்கு இல்லை, நன்னீருக்கு இருந்தது.

கரையை ஒட்டிச் செங்குத்தாக எழும் வெண்மலைகளின் மிக உயர்ந்த சிகரமான பாக்னெஸின் உயரம் 2,453 மீட்டர். குளிர்காலத்தில் அங்கே பெய்யும் பனி உருகும்போது, அந்த நீரின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, நிலத்தடியிலேயே ஓடி, கடல்மட்டத்துக்கு வந்த பிறகே வெளிப்படுகிறது. ஆகவே மலைச்சரிவு காய்ந்து கிடக்க, அலை நனைக்கும் கூழாங்கற்களின் அடியில் குடிநீர் ஊறுகிறது. லூத்ரோவுக்குக் கிழக்கே கிளிகா நேரா கடற்கரையில் கற்களைக் கையால் விலக்கிச் சிறு குழி பறித்தாலே நன்னீர் தேங்கிவிடும். அங்கே கடலில் இறங்குபவர்கள் வெதுவெதுப்பான நீருக்கு நடுவே திடீரென்று குளிர்ந்த நீர் உடலில் படுவதை உணர்வதற்கும் இந்த ஊற்றுகளே காரணம்.

ஆகியா ரூமெலியிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நடந்தால், கடற்கரையிலேயே தனித்து நிற்கும் பைசாந்தியக் காலத்துப் புனித பவுல் ஆலயத்தை அடைவீர்கள். ஊரே இல்லாத இடத்தில் ஆலயம் எதற்கு என்று வியக்க வேண்டாம். அதனருகிலும் ஊற்று உண்டு. பவுல் இந்த நீரில் ஞானஸ்நானம் கொடுத்தார் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தில் அப்படி எதுவும் இல்லை. கைதியாக ரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பவுலின் கப்பல், குளிர்காலத்தைக் கழிப்பதற்காகப் பேனிக்ஸ் துறைமுகத்தை நாடிப் புறப்பட்டு, அங்கே சேர முடியாமல் புயலில் அடித்துச் செல்லப்பட்டது என்பதே அதிலுள்ள செய்தி. அந்தப் பேனிக்ஸ் லூத்ரோவை ஒட்டிய இடம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. நம்பிக்கையைவிட இந்தச் செய்தியே எனக்கு முக்கியமாகப்படுகிறது; மாலுமிகள் உயிரைப் பணயம் வைத்து நாடிய ஒதுக்கிடத்தை நோக்கித்தான் நீங்களும் நடக்கப்போகிறீர்கள். லூத்ரோவின் குடாவைப் பார்த்ததும் அதன் காரணம் விளங்கிவிடும்.

இனி உங்கள் பயணம். மொத்தத் தூரம் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான் என்றாலும், ஒரே நாளில் முடிக்க முயல வேண்டாம். ஆகியா ரூமெலியில் ஓர் இரவு தங்கி, விடியும்போதே புறப்பட்டு, லூத்ரோவில் அடுத்த இரவைக் கழித்து, மறுநாள் மீதியை நடப்பதே உங்கள் வயதுக்கும் என் வயதுக்கும் ஏற்றது. அன்றாடம் நடக்கும் பழக்கமும் கணுக்காலைத் தாங்கும் காலணியும் இருந்தால், நிச்சயம் முடியும். ஆலயத்தைத் தாண்டியதும் பைன் மரங்களின் நிழலில் செல்லும் பாதை, பிறகு திறந்த சரிவுக்கு வந்து, அராதேனாப் பள்ளத்தாக்கு கடலோடு சேரும் மர்மரா கடற்கரை வரை பெரும்பாலும் வெயிலிலேயே செல்கிறது. உங்களை வருத்தக்கூடியது இந்தப் பகுதிதான். இங்கே இடையில் ஊற்றை நம்பாமல், ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது சுமந்து செல்லுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வருவதாக இருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். மே மாதம் பொருத்தமானது.

சமாரியாப் பள்ளத்தாக்கில் இறங்கி ஆகியா ரூமெலியை அடைய நினைத்தால், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு கொள்ளுங்கள். 1,200 மீட்டருக்கு மேல் இறங்கிய தொடைகள் மறுநாள் உங்கள் சொல்லைக் கேட்கமாட்டா. மேற்கிலிருந்து கிழக்கே நடக்கச் சொல்வதற்குப் பெரிய தத்துவம் ஏதுமில்லை. ஹோரா ஸ்ஃபாகியோனில் நடையை முடித்தால் ஹானியா நகருக்குப் பேருந்து கிடைக்கும். கிளிகா நேராவுக்குப் பின் பாறை முகத்தில் வெட்டிய பாதை சில இடங்களில் குறுகலானது, மேலிருந்து கற்கள் விழுவதும் உண்டு; உயரத்தைக் கண்டு தலைசுற்றுபவர்கள் அந்தத் துண்டுக்கு மட்டும் படகைப் பிடிக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைசிச் சில கிலோமீட்டர் தார்ச்சாலை, சலிப்பூட்டக்கூடியது.

காற்று பலமாக வீசும் நாட்களில் அங்கே படகுகள் நிறுத்தப்படும். அன்று லூத்ரோவை விட்டு வெளியேற விரும்புகிறவர் யாராயினும் உங்கள் கணவர் சொல்லும் பொழுதுபோக்கில்தான் ஈடுபட வேண்டியிருக்கும். எனவே ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளில் மட்டும் இந்த நடையை வைத்துக்கொள்ளாதீர்கள்.