மேலாளர் வாயால் சொல்கிறார், பதிவு உங்கள் பெயரில் விழுகிறது

கேள்வி: ஈரோட்டில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தின் கிளையில் இரண்டரை ஆண்டுகளாக ரிலேஷன்ஷிப் மேனேஜராக இருக்கிறேன். சம்பளம் 28,000 ரூபாய். மாதம் 1.4 லட்சம் ரூபாய் புரோக்கரேஜ் (தரகுக் கட்டணம்) கொண்டுவர வேண்டும். என் பொறுப்பில் உள்ள வாடிக்கையாளர்களின் பங்குகளை எல்லாம் கூட்டினாலும் 1.5 கோடிதான் தேறும். மாதக் கடைசியில் தொகை இடித்தால், "அந்த ஓய்வுபெற்ற வாத்தியார் கணக்கில் எதையாவது வாங்கி விற்று வை, அப்புறம் போன் போட்டு ஓகே வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார் கிளை மேலாளர். இரண்டு முறை அப்படிச் செய்துவிட்டேன். அந்த வாத்தியார் என் தங்கைக்குக் கணக்குப் பாடம் எடுத்தவர். இன்னொரு வாடிக்கையாளர் பாக்கி வைத்த பணத்தை என் ஊக்கத்தொகையில் பிடித்துவிட்டார்கள். விலகினால் மூன்று மாதச் சம்பளம் கட்டவேண்டும் என்கிறார்கள். நாளைக்குப் பிரச்சினை வந்தால் மாட்டுவது நானா, நிறுவனமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: இருவரும்தான். ஆனால் முதலில் மாட்டுவது நீங்கள். நிறுவனத்துக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். உங்களை வேலையை விட்டு நீக்கி, "தவறு செய்த ஊழியர்மீது நடவடிக்கை எடுத்துவிட்டோம்" என்று ஒரு வரி எழுதவும் வசதி இருக்கிறது. அந்த வசதி உங்களுக்கு இல்லை.

ஒரு தரகு நிறுவனத்தில், விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று கண்காணிக்கும் கம்ப்ளையன்ஸ் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். நீங்கள் எழுதியிருப்பதைப் போன்ற ஒரு விவகாரம் என் மேசைக்கு வந்தது. வாடிக்கையாளர் தான் சொல்லாமலே வாங்கி விற்றிருப்பதாகப் புகார் கொடுத்தார். கிளையிலிருந்து உற்சாகமாக ஒலிப்பதிவை அனுப்பி வைத்தார்கள். ஊழியர் பங்கின் பெயரையும் எண்ணிக்கையையும் விலையையும் ஒவ்வொன்றாகச் சொல்ல, மறுமுனையில் பெரியவர் "நீங்கள் சொன்னால் சரிதான் தம்பி" என்கிறார். குரல் அவ்வளவு தெளிவு. நேரமும் தெளிவாகவே இருந்தது. பங்கு வாங்கப்பட்டது காலை 11.52. போன் பேசியது மாலை 4.10. சந்தையே மூன்றரை மணிக்கு மூடிவிடுகிறது! அனுமதி என்று எண்ணி அனுப்பிய பதிவே அனுமதி இல்லை என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. அந்த ஊழியரின் வேலை போனது. அப்படிச் செய்யச் சொன்ன மேலாளர் அதற்குள் வேறொரு நிறுவனத்தில் கூடுதல் சம்பளத்தில் சேர்ந்திருந்தார். அவர் சொன்னதற்கு எங்கும் ஒரு வரி இல்லை. எல்லாம் டீக்கடையில் பேசியது. அன்றைக்கு அந்தக் கோப்பை மூடிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். அதில் எனக்குப் பெருமை இல்லை.

விதி என்ன சொல்கிறது? பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2018 மார்ச்சில் வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளர்தான் ஆர்டர் கொடுத்தார் என்பதற்கு ஆதாரம் வைத்துக்கொண்டே வர்த்தகம் செய்யவேண்டும் என்கிறது. கையெழுத்திட்ட தாள், தொலைபேசிப் பதிவு, மின்னஞ்சல், குறுஞ்செய்தி, இணைய வர்த்தகமாக இருந்தால் அதன் பதிவேடு ஆகியவற்றுள் ஏதாவது ஒன்று வேண்டும். தகராறு வந்தால் நிரூபிக்கும் பொறுப்பு புரோக்கருடையது. வாடிக்கையாளர் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. வர்த்தகம் முடிந்தபின் வாங்கும் ஓகே இந்தக் கணக்கில் சேராது. "எப்படியும் அவர் மறுக்கமாட்டார்" என்பது கிளை மேலாளரின் நம்பிக்கை; வாத்தியாரின் மகன் ஒருநாள் அமெரிக்காவிலிருந்து வந்து கணக்கைத் திறந்து பார்க்கும்வரை அந்த நம்பிக்கை நிற்கும்.

வாடிக்கையாளரின் போனுக்கு வரும் ஓடிபியைக் கேட்டு வாங்கி நீங்களே ஆப்பில் நுழைவது இதைவிட மோசம். நிறுவனத்தின் டெர்மினலில் (வர்த்தகக் கணினியில்) செய்தால் நிறுவனத்தின் தவறு என்று வாதாடவாவது இடமிருக்கிறது. அடுத்தவர் கடவுச்சொல்லை நேர்மையின்றிப் பயன்படுத்துவதைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை. வாடிக்கையாளர் விவரத்தில் உங்கள் கைபேசி எண்ணையோ நண்பரின் மின்னஞ்சலையோ பதிந்து வைத்திருந்தால் இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். பங்குச் சந்தை அனுப்பும் குறுஞ்செய்தி அவரை எட்டாமல் தடுத்ததற்கு யாரும் நல்ல காரணம் சொல்ல முடியாது.

புரோக்கரேஜுக்காகவே வாங்கி விற்கத் தூண்டக்கூடாது என்பது தரகர்களுக்கான நடத்தை நெறியில் 1992 முதல் இருக்கிறது. மோசடி, நியாயமற்ற வர்த்தக முறைகளைத் தடுக்கும் செபியின் 2003 விதிகளும் இதையே சொல்கின்றன. தவறான விற்பனை என்பதும் பின்னாளில் அவற்றில் சேர்க்கப்பட்டது. அந்த விதிகள் நிறுவனத்தை மட்டும் குறிப்பதில்லை. "எந்த நபரும்" என்றுதான் தொடங்குகின்றன. நீங்களும் ஒரு நபர்.

இனி உங்கள் இலக்குக்கு வருகிறேன். பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது. மேலாளரின் குணத்தை அப்புறம் பேசலாம்.

ஒரு காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். டெலிவரி வர்த்தகத்துக்கு (அன்றே விற்காமல் பங்கைக் கணக்கில் வாங்கி வைப்பது) 0.5 சதவீதம் புரோக்கரேஜ் என்று வைத்துக்கொள்வோம். 1.4 லட்சம் வரவேண்டுமானால் மாதம் 2.8 கோடிக்கு வர்த்தகம் நடக்க வேண்டும். அதாவது 1.4 கோடிக்கு விற்று 1.4 கோடிக்கு வாங்க வேண்டும். உங்களிடம் இருப்பதே 1.5 கோடி. ஆக, ஏறக்குறைய உங்கள் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் தங்கள் பங்குகள் அத்தனையையும் மாதம் ஒருமுறை விற்று வேறு வாங்கினால்தான் உங்கள் வேலை நிலைக்கும். வாத்தியாரிடம் 5 லட்சத்துக்குப் பங்கு இருப்பதாகக் கொள்ளுங்கள். மாதம் ஒரு சுற்று என்றால் ஆண்டுக்கு 60 லட்சம் வாங்கி 60 லட்சம் விற்கிறார். புரோக்கரேஜ் 60,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 10,800. பங்குப் பரிவர்த்தனை வரி இருபுறமும் 0.1 சதவீதம் வீதம் 12,000. வாங்கும்போது முத்திரைக் கட்டணம் 900. மொத்தம் 83,700 ரூபாய். அவருடைய முதலீடு ஆண்டுக்குப் பதினாறே முக்கால் சதவீதம் வளர்ந்தால்தான் அசலே மிஞ்சும். லாபம் வந்தால் குறுகியகால மூலதன ஆதாய வரி 20 சதவீதம் தனி.

இந்த இலக்கை நேர்மையாக எட்ட முடியாது. நீங்கள் திறமைசாலியா இல்லையா என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. "உனக்குச் சாமர்த்தியம் போதாது" என்று அடுத்த முறை மேலாளர் சொன்னால் இந்தக் காகிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

"அப்படியானால் ஆப்ஷனுக்குத் தள்ளு" என்பார்கள். ஆப்ஷனும் அடங்கிய எஃப் அண்ட் ஓ வர்த்தகத்தில் (பங்கின் வருங்கால விலையை வைத்து ஒப்பந்தங்களை வாங்கி விற்பது) 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நட்டப்பட்டார்கள், சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம் ரூபாய் என்று செபியே ஆய்வு வெளியிட்டிருக்கிறது. ஓய்வூதியத்தில் வாழ்பவரை அங்கே கூட்டிப்போவதற்கு நான் எந்த நியாயமும் கண்டதில்லை.

மியூச்சுவல் ஃபண்டு விற்கிறீர்களானால் ஒரு விஷயம். விண்ணப்பத்தில் எழுதும் இ.யூ.ஐ.என். எண் உங்கள் தனிப்பட்ட அடையாளம். நீங்கள் நிறுவனம் மாறினாலும் யார் விற்றார் என்பது அந்த விண்ணப்பத்தில் நிற்கும். அதனால்தான் சில கிளைகளில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டு, "ஆலோசனை எதுவும் பெறவில்லை" என்ற உறுதிமொழியில் வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். ஆலோசனை சொல்லி விற்றுவிட்டு அந்தக் கையெழுத்தை வாங்கினால், அது பொய்ச்சான்று.

உங்கள் விசிட்டிங் கார்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்றும் பாருங்கள். "வெல்த் அட்வைசர்" என்று இருந்தால், செபியின் 2013 முதலீட்டு ஆலோசகர் விதிகளின்படி பதிவு பெறாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. நீங்கள் விற்பனையாளர். அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் எதிரில் இருப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பாக்கிப் பணத்தைப் பிடித்த விவகாரம். வாடிக்கையாளர் பணம் கட்டாவிட்டால் அந்தப் பங்குகளை விற்று எடுத்துக்கொள்ளும் வழி புரோக்கருக்கு இருக்கிறது. வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார் என்று விற்காமல் இழுத்தடித்துவிட்டு, விலை விழுந்தபின் ஊழியர் தலையில் கட்டுவது இந்தத் தொழிலில் பழகிப்போன அநியாயம். சட்டத்தில் சம்பளம் வேறு, ஊக்கத்தொகை வேறு. சம்பளத்தில் என்னென்ன காரணத்துக்குப் பிடிக்கலாம் என்பதை ஊதியச் சட்டம் வரையறுத்திருக்கிறது. ஊழியரின் அலட்சியத்தால் நேர்ந்த இழப்பு என்றாலும் அவருடைய விளக்கத்தைக் கேட்காமல் பிடிக்கக்கூடாது. ஊக்கத்தொகையோ நிறுவனத்தின் எழுத்துபூர்வமான திட்டத்தைப் பொறுத்தது. எந்த விதியின் கீழ் பிடித்தீர்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பெரும்பாலும் அப்படியொரு விதி இருக்காது. இருந்தால் அதையும் எழுத்தில் வாங்கியதாகிவிடும்.

விலகுவது பற்றி. நோட்டீஸ் காலம் மூன்று மாதம் என்று நியமனக் கடிதத்தில் இருந்தால் வேலை பார்த்துக் கழிக்கலாம், அல்லது அதற்கான தொகையைக் கேட்பார்கள். கடிதத்தை எடுத்துப் படியுங்கள். "கட்டவேண்டும் என்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள், யார் சொன்னது? வேறு புரோக்கரிடம் சேரக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தால், வேலையை விட்டபிறகு அதற்கு மதிப்பில்லை. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு அதைச் செல்லாததாக்குகிறது. ஆனால் வாடிக்கையாளர் பட்டியலை பென்டிரைவில் எடுத்துப் போகாதீர்கள். அங்கேதான் பலர் தாங்களாகவே வலையில் விழுகிறார்கள். அவர்களாகவே உங்களை நீக்கினால், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆம் பிரிவு உண்டு. தரகர் அலுவலகமும் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது. ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கான சம்பளமும்) இல்லாமல் நீக்கக்கூடாது, மேல்முறையீட்டுக்கும் வழியிருக்கிறது. வெளியே அலைந்து வேலை பார்ப்பவர்கள் அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்று நிறுவனம் வாதாடலாம். ஆகவே நாள்தோறும் கிளையில் அமர்ந்து பார்த்த வேலைக்கு ஆதாரம் வைத்திருங்கள்.

இனி செய்ய வேண்டியது. மேலாளர் அடுத்தமுறை வாயால் சொன்னதும், அன்று மாலையே அவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். சண்டைத் தொனி வேண்டாம். "இன்று காலை இன்னாருடைய கணக்கில் வர்த்தகம் செய்யச் சொன்னீர்கள். வாடிக்கையாளரிடமிருந்து ஆர்டர் வராததால் செய்யவில்லை. ஆர்டர் வந்ததும் செய்கிறேன்." மூன்று வரி போதும். என் அனுபவத்தில் இந்த மூன்று வரிக்குப் பிறகு பாதி மேலாளர்கள் வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். மீதிப் பாதி உங்களை வாட்டி எடுக்கும். அதற்குத் தயாராக இருங்கள். வேலை தேடுவதையும் இந்த வாரமே தொடங்குங்கள். பங்குச் சந்தை வேலைக்காகத் தேர்வெழுதி வாங்கிய நிசம் சான்றிதழ் உங்களுடையது, நிறுவனத்துடையது அல்ல.

தரகு நிறுவனங்கள் ஊழியர் முறைகேட்டைத் தெரிவிக்கும் ஏற்பாட்டையும், தெரிவிப்பவரைப் பாதுகாக்கும் கொள்கையையும் வைத்திருக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் செபி சுற்றறிக்கை வெளியிட்டது. உங்கள் நிறுவனத்தில் அந்தக் கொள்கை எங்கே இருக்கிறது என்று மனிதவளப் பிரிவைக் கேட்காதீர்கள், செய்தி மேலாளருக்குப் போய்விடும். உள் இணையதளத்தில் நீங்களே தேடுங்கள்.

கடைசியாக, நடந்துபோன அந்த இரண்டு வர்த்தகங்கள். அந்த நாட்களின் கான்ட்ராக்ட் நோட்டை (வர்த்தக விவரமும் கட்டணமும் உள்ள ரசீது) பார்த்து, அவருக்கு எவ்வளவு நட்டம், எவ்வளவு கட்டணம் போனது என்று எழுதுங்கள். உங்கள் பையிலிருந்து ஜிபேயில் அனுப்பிச் சரிக்கட்டி விடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். வாடிக்கையாளரின் நட்டத்தை ஊழியர் ஈடுகட்டுவதே இன்னொரு மீறல், அதுவும் உங்கள் வங்கிக் கணக்கிலேயே பதிவாகும் மீறல். நடந்ததை, யார் சொல்லிச் செய்தீர்கள் என்பதோடு, தலைமை அலுவலகத்தின் கம்ப்ளையன்ஸ் அதிகாரிக்கு எழுதுங்கள். அனுப்புமுன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள். நீங்கள் எழுதுவது ஒப்புதல் வாக்குமூலமும்கூட. அதற்கு ஆகும் செலவு மூன்று மாதச் சம்பளத்தைவிட மிகக் குறைவு.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வீட்டுக்குப் போங்கள். பங்குச் சந்தையிலிருந்து வரும் குறுஞ்செய்தியை எப்படிப் படிப்பது என்று அவருடைய போனிலேயே காட்டிக்கொடுங்கள். கணக்கு வாத்தியார், ஒரு தடவை காட்டினால் போதும்.