கெமரும் கொரியமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் கம்போடியா சென்று அங்கோர் கோயில்களைப் பார்த்து வந்தேன். அங்குள்ள கல்வெட்டு எழுத்துகள் மாமல்லபுரத்தில் கண்ட பல்லவ கிரந்தத்தை நினைவூட்டின. வழிகாட்டியும் “எங்கள் எழுத்து உங்கள் ஊரிலிருந்து வந்தது” என்றார். கொரியத் தொடர்களில் மூழ்கிக் கிடக்கும் என் மகளோ, ‘அப்பா’ என்ற சொல்லும் வாக்கிய அமைப்பும் தமிழ்போலவே இருப்பதால் கொரியம்தான் நமக்கு உறவு என்கிறாள். இவற்றுள் தமிழுக்கு நெருக்கமானது எது? இவ்விரு மொழிகளுக்குள் உறவு ஏதேனும் உண்டா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கம்போடியர் பேசும் கெமருக்கும் கொரியத்துக்கும் உறவு இல்லை. இரண்டுக்கும் தமிழோடும் உறவு இல்லை. கெமர் ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கு இந்தியாவில் உறவினர் தேடினால் சந்தாலி பேசும் ஜார்க்கண்டுக்கும் காசி என்னும் மொழி பேசும் மேகாலயத்துக்கும்தான் போக வேண்டும். கெமரில் இரண்டு, மூன்று, நான்கு என்பவை பீ, பெய், புவன்; சந்தாலியில் பார், பெ, போன். கொரியமோ ஜேஜு தீவின் பேச்சை மட்டும் உடன்கொண்டு தனிக் குடும்பமாக நிற்கிறது. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-இல் கொரிய இலக்கணத்தையும் திராவிட மொழி இலக்கணங்களையும் ஒப்பிட்டு ஒரு நூலே எழுதினார். பின்வந்த மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. ‘அப்பா’ நல்ல சான்றாகாது. குழந்தையின் வாயில் முதலில் வரும் இதழொலிகளிலிருந்து உலகெங்கும் பெற்றோர் பெயர்கள் பிறந்திருக்கின்றன.

ஆனால் உங்கள் மகள் வாக்கிய அமைப்பைப் பற்றிச் சொன்னது கூர்மையானது. ‘நான் சோறு சாப்பிடுகிறேன்’ என்பது கொரியத்தில் ‘ஜொநுன் பாபுல் மொகொயொ’. ‘பாப்’ சோறு, அதனோடு ஒட்டியுள்ள ‘உல்’ நம் ‘ஐ’ வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது, வினை கடைசியில் வந்து, காலத்தையும் மரியாதையையும் தன் வாலில் சுமந்து நிற்கிறது. இதையே கெமரில் ‘க்ஞொம் ஞாம் பாய்’ என்பார்கள். நான், சாப்பிடு, சோறு, அவ்வளவுதான். உருபும் இல்லை, விகுதியும் இல்லை. கெமர் பின்னால் ஒட்டுவதைவிடச் சொல்லின் வயிற்றுக்குள் அசையைச் செருகுவதில் தேர்ந்த மொழி. ‘டாஏ’ என்றால் நட, ‘டம்நாஏ’ என்றால் பயணம். ‘காஎத்’ என்றால் பிற, ‘கம்நாஎத்’ என்றால் பிறப்பு. பின்னொட்டுகளிலேயே பழகிய நமக்கும் கொரியருக்கும் இது புதுமையாகத்தான் இருக்கும்.

இவ்விரு மொழிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்கு மிகவும் பிடித்த இடம் மரியாதை. இரண்டுமே யாரிடம் பேசுகிறோம் என்பதை மறக்கவிடாத மொழிகள், ஆனால் வழி வேறு. கொரியர் பெரும்பாலும் வினையின் வாலை மாற்றுவார்கள்: ‘போ’ என்னும் வினை தோழனிடம் ‘க’, பழக்கமில்லாதவரிடம் ‘கயொ’, பெரியவர் செல்வதைக் குறிக்கும்போது ‘கசெயொ’. கெமர் பேசுவோர் சொல்லையே மாற்றிவிடுவார்கள். விலங்கு தின்றால் ‘ஸீ’, வீட்டில் சாப்பிட்டால் ‘ஞாம்’ அல்லது ‘ஹோப்’, விருந்தினரை உபசரிக்கும்போது ‘பிஸா’, பிக்கு உண்டால் ‘சான்’, அரசர் உண்டால் ‘ஸௌய்’. பெருமாள் ‘அமுது செய்தருளினார்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இது உடனே புரியும். மேலே வந்த ‘க்ஞொம்’ என்ற ‘நான்’ பழைய கல்வெட்டுகளில் அடிமையைக் குறித்த சொல். கோயிலுக்கு அளிக்கப்பட்ட ஆட்களின் பட்டியல்களில் அது திரும்பத் திரும்ப வரும். ‘அடியேன்’ என்பதற்கு ஒரு நாடே தன்மைப் பெயர் என்ற பதவி கொடுத்துவிட்டது. கொரியத்திலும் ‘ந’ சாதாரண நான், ‘ஜொ’ பணிவான நான்.

எழுத்தைப் பற்றி வழிகாட்டி சொன்னது உண்மைதான். கெமர் எழுத்து பல்லவ எழுத்தின் வழிவந்தது. ஆண்டு குறிக்கப்பட்ட மிகப் பழைய கெமர்க் கல்வெட்டு தென் கம்போடியாவின் அங்கோர் போரையில் கிடைத்தது, காலம் பொ.ஆ. 611. ஆனால் எழுத்து கடனாகக் கிடைக்கும் பொருள், சொல்லும் அப்படியே. ‘நகரம்’ அங்கே ‘நொகோ’, ‘குரு’ அங்கே ‘க்ரூ’. இந்திய எழுத்தின் நான்கு ககரங்களுள் முதல் ககரத்துக்கும் (ka) மூன்றாம் ககரத்துக்கும் (ga) இருந்த ஒலிவேறுபாடு கெமரில் மறைந்துவிட, அந்த வேறுபாடு உயிருக்குத் தாவியது. ஒரே ஆகாரக் குறி முதல் ககரத்தில் ‘கா’ என்றும் மூன்றாம் ககரத்தில் ஏறத்தாழ ‘கியெ’ என்றும் ஒலிக்கும். பிள்ளைகள் 33 மெய்யெழுத்துகளோடு, ஒவ்வொன்றும் இவ்விரு உயிரொலிப்பு அணிகளுள் எதைச் சேர்ந்தது என்பதையும் மனப்பாடம் செய்தாக வேண்டும்.

கொரிய எழுத்துக்கு இப்படிப்பட்ட மரபுச்சுமை இல்லை. அரசர் செஜோங் 1443-இல் வகுத்து 1446-இல் வெளியிட்டது அது. ககர எழுத்து தொண்டையை அடைக்கும் நாவடியின் வடிவம், மகர எழுத்து மூடிய வாயின் வடிவம். ‘பாப்’ என்று எழுதும்போது மேலே பகரம், அதன் வலப்பக்கம் உயிர், அடியில் மீண்டும் பகரம் என மூன்றும் ஒரு சதுரத்துக்குள் அமரும். அடியில் நிற்பதைத் தாங்கி என்ற பொருளில் ‘பச்சிம்’ என்கிறார்கள். கெமரிலும் எழுத்துக்கு அடியில் எழுத்து உண்டு. அதைக் கால் என்ற பொருளில் ‘ச்சொங்’ என்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், கொரியத்தின் கீழெழுத்து உயிருக்குப் பின் ஒலிக்கும். கெமரின் கீழெழுத்து பெரும்பாலும் உயிருக்கு முன் ஒலித்து மெய்ம்மயக்கத்தை உண்டாக்கும். ‘க்மாஏ’ என்ற அம்மொழியின் பெயரிலேயே ககரத்தின் காலடியில் மகரம் நிற்கிறது. சொல்லின் முதலில் இரண்டு மெய்கள் சேர்ந்து வருவதைத் தாங்காத கொரியர் இடையில் ஓர் உயிரைச் செருகி அதைக் ‘குமெரு’ ஆக்கிக்கொண்டார்கள். அதே சங்கடத்தால் நாம் ‘கெமர்’ என்று எழுதுகிறோம்.