ஒர்க்ஷாப் கூரையை எத்தனை அடி வெளியே நீட்டலாம்?

கேள்வி: பினாங்கில் வீட்டை ஒட்டி, காரும் வெல்டிங் மேசையும் வைக்க ஒரு ஒர்க்ஷாப் கட்டுகிறோம். நாலு பக்கமும் கூரையை 2 அடி நீட்டினால் போதும் என்கிறார் கான்ட்ராக்டர். போதுமா?

பதில்: பக்கச் சுவர்களுக்குப் போதும், ஷட்டர் இருக்கும் பக்கத்துக்குப் போதாது. நாலு பக்கமும் ஒரே அளவு என்பது தகரம் வெட்டுகிறவருக்கு வசதி, அவ்வளவுதான்.

நம் ஊர் மழை என்றைக்கு நேராகப் பெய்தது? 30 டிகிரி சாய்ந்து அடித்தாலே, 2 அடி நீட்டம் விளிம்பிலிருந்து மூன்றரை அடி கீழே வரைதான் காப்பாற்றும். ஷட்டர் 7 அடி என்றால் மிச்ச மூன்றரை அடியில் சாரல் நேராக வெல்டிங் மேசைக்கு வந்துவிடும். 4 அடி நீட்டுங்கள், ஏறக்குறைய தரை வரைக்கும் மறையும். இதுகூட கூரை விளிம்பு ஷட்டரின் தலைமட்டத்தில் இருந்தால்தான். விளிம்பு உயர உயர நனையும் இடமும் கூடும். ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் முன்னால் கூரையோடு இருக்கும் அஞ்சடி நடைபாதையில் ஒதுங்கி நின்றும் கால் நனைந்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமே. சுமத்ரா பக்கமிருந்து வீசும் சூறைக்காற்றோடு வரும் மழைக்கெல்லாம் எந்த நீட்டமும் தாங்காது, ஆனால் அது பெரும்பாலும் விடியும் நேரத்தில் வருவதால் ஷட்டர் எப்படியும் மூடித்தான் கிடக்கும்.

வெயிலுக்காக நீட்டுவதாக இருந்தால் முதலில் திசையைப் பாருங்கள். உச்சி வெயில் இங்கே தலைக்கு மேலேயே நிற்கும், அதனால் வடக்கு, தெற்குச் சுவர்களை 2 அடியே பெரும்பாலும் சமாளித்துவிடும். மேற்கே பார்த்த ஷட்டர் என்றால் கதை வேறு. மார்ச்சில் சாயங்காலம் ஐந்தரை மணிவாக்கில் சூரியன் 30 டிகிரிக்கு இறங்கிவிடும், அப்போது 4 அடி நீட்டம் தரும் நிழல் இரண்டேகால் அடிதான். அதற்கு ஒரு மூங்கில் திரை வாங்கித் தொங்கவிடுங்கள், கூரைக்குச் செலவழிக்காதீர்கள்.

சரி, 4 அடி என்று முடிவு செய்தால் கான்ட்ராக்டரிடம் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுங்கள்: நுனியில் துண்டு இரும்பை ஒட்டவைத்து வெல்டிங் அடிக்கிற வேலை வேண்டாம். உள்ளேயிருந்து வரும் இரும்பே ஒரே நீளமாக வெளியே வர வேண்டும், வெளியே 4 அடி என்றால் உள்ளே 8 அடியாவது. காற்று அடியில் புகுந்து முதலில் தூக்குவது இந்த நுனியைத்தான், ஆகவே விளிம்பு வரிசையில் ஸ்க்ரூவை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் உயரம். 15 டிகிரி சரிவில் 4 அடி போனால் விளிம்பு ஒரு அடிக்கு மேல் இறங்கிவிடும். வேன் வரும் இடமென்றால் அதன் பின்கதவை முழுக்கத் தூக்கித் திறந்து, டேப் வைத்து அளந்த பிறகு சுவர் உயரத்தை முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டு எல்லையோரம் நீட்டத்தைக் குறைத்து, விளிம்பில் மழைத்தண்ணீர் வடிய கட்டர் போடுங்கள், தண்ணீர் அவர்கள் பக்கம் விழக்கூடாது. மாநகர் மன்றத்துக்குக் கொடுக்கும் பிளானிலும் கூரை விளிம்பு எதுவரை வருகிறது என்று சரியாகக் காட்டச் சொல்லுங்கள், சுவரை மட்டும் வரைந்து கொடுத்துவிடப் போகிறார்கள்.