வெட்டுப்பட்ட நாணும் நைந்துபோன நாணும்

கேள்வி: எனக்கு வயது 34. தினமும் ஓடுகிறவன். குதிகாலுக்கு மூன்று விரற்கடை மேலே, தசைநாணில் ஐந்து மாதமாக வலி. பி.பி.சி-157 என்ற பெப்டைடு ஊசி போட்டால் இரண்டே வாரத்தில் சரியாகிவிடும் என்று ஜிம் நண்பர் சொன்னார். இணையத்தில் வாங்கியும் வைத்துவிட்டேன். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம். ஃபிரிட்ஜில் இருக்கும் குப்பியை எடுத்து லேபிளைப் படித்துப் பாருங்கள். இப்படி விற்கப்படும் குப்பிகளில் பெரும்பாலும் பொடி எழுத்தில் 'ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று இருக்கும். உங்களுக்கு ஏதாவது ஆனால் விற்றவர் தப்பித்துக்கொள்ள எழுதிய வரி அது. உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடி சுத்தமானதா, சொன்ன அளவுதானா என்று யாரும் உங்களுக்காகச் சோதித்திருக்க மாட்டார்கள்.

பி.பி.சி-157 (செய்தி நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) புரதத்தின் அடிப்படைத் துண்டுகளான அமினோ அமிலங்கள் பதினைந்தைக் கோத்துச் செயற்கையாகச் செய்த சங்கிலி. இப்படிப்பட்ட சிறு சங்கிலியைத்தான் பெப்டைடு என்கிறோம். குரோஷியாவின் ஸாக்ரெப் நகர ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். எலிகளின் குதிகால் நாணை வெட்டிவிட்டு இதைக் கொடுத்தபோது நன்றாகவே கூடியது. சரி, ஆனால் உங்கள் நாணை யாரும் வெட்டவில்லையே? அது மாதக்கணக்கில் இழுபட்டு நைந்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு சங்கதி. புது ரத்தக் குழாய்களை முளைக்க வைப்பதுதான் இதன் பெருமையாகச் சொல்லப்படுகிறது. நாள்பட்ட நாண் வலியிலோ, வேண்டாத குழாய்கள் ஏற்கெனவே அங்கே முளைத்திருப்பதை ஸ்கேனில் அடிக்கடி பார்க்கிறோம். புற்றுநோய்க் கட்டிகள் வளரவும் புதுக் குழாய்கள்தான் வேண்டும் என்பது இன்னொரு கவலை.

போட்டிகளில் ஓடுகிறவர் என்றால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2022 முதல் இதைத் தடைப்பட்டியலில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது.

அப்புறம் என்னதான் செய்வது? முதலில் மருத்துவரிடம் காட்டி, நாண் கிழியவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நில்லுங்கள். இரண்டு காலாலும் எழும்பி, வலிக்கும் காலால் மட்டும் குதிகாலை மெதுவாகப் படிக்குக் கீழே இறக்குங்கள். 15 முறை, மூன்று சுற்று, காலையும் மாலையும், 12 வாரம். இந்த மூன்று சுற்றையும் முழங்காலை நீட்டி ஒரு தடவை, லேசாக மடக்கி ஒரு தடவை செய்யுங்கள். முதல் சில வாரம் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். தாங்கும் அளவில் இருந்தால் தொடரலாம். மறுநாள் காலை எழுந்ததும் நொண்டினால், அன்று சுற்றைக் குறைத்துவிடுங்கள்.