தகரப் பெட்டியில் 140 கேசட்டுகள்

ஐயா, வணக்கம். எங்களுக்குக் குடியாத்தம் பக்கம். ஊரே ‘பாட்டு வாத்தியார்’ என்று கூப்பிட்டவர் போன வருடம் காலமாகிவிட்டார். மேடையில் பாடுவார், ஊர் ஊராகப் போய் நடவுப் பாட்டு, ஒப்பாரி, கூத்துப் பாட்டு எல்லாம் பதிவும் செய்து வைத்தார். 140 கேசட், எல்லாம் 60 நிமிடம். முதலாண்டு நினைவுநாளில் நல்ல பாட்டாகப் பொறுக்கி பென்டிரைவில் கொடுக்க நினைக்கிறோம். ஒன்றை ஓட்டினால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கிறது. டேப் போய்விட்டதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

டேப் போயிருக்காது. கேசட்டின் வாய்ப்பக்கம் மெல்லிய தகட்டில் சின்னப் பஞ்சுப் பட்டை ஒட்டியிருக்கும். பசை காய்ந்து அது விழுந்தால், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் டேப் அழுந்தாது, சத்தம் மங்கும். வேறு பழைய கேசட்டிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். பட்டை சரியாக இருந்தால் ஹெட்டின் சாய்வைப் பாருங்கள். பக்கத்துத் திருகை மெல்லத் திருப்பி, தாளத்தின் ஓசை கூர்மையாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். பதிந்த கருவி மாறினால் சாய்வும் மாறும். கேசட்டுக்குக் கேசட் இதைச் செய்யத்தான் வேண்டும்.

சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்தால் பூஞ்சை. ஓட்டாதீர்கள், ஹெட் வழியாக அடுத்த கேசட்டுக்கும் போகும். மற்றவற்றில் முதலில் மேல்விளிம்பின் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் காதுகளையும் உடையுங்கள். தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் பாட்டு அழியாது. முன்னும் பின்னும் ஒருமுறை முழுக்கச் சுற்றிவிட்டுப் பிறகு ஓட்டுங்கள்.

எம்பி3 கொடுப்பதற்கு மட்டும். மூலப்படி 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக இருக்கட்டும். மணிக்கு 2 ஜிபி, மொத்தம் 300 ஜிபிக்குள் அடங்கும். இரண்டு ஹார்டு டிஸ்க், இரண்டு வீட்டில். ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும். நாளுக்கு நான்கு என்றால் 35 நாள். மூலப்படியில் இரைச்சலை நீக்காதீர்கள், கூத்தில் ஊதும் முகவீணையின் கூர்மையும் சேர்ந்து போகும். விடிய விடிய ஆடும் கூத்தில் கோழி கூவுவது எந்த வேளைப் பாட்டு என்று சொல்லும். அது இரைச்சலா?

அட்டைகளைப் படம் எடுங்கள். ‘திருவண்ணாமலை மாவட்டம்’ என்று எழுதியிருந்தால் 1989க்குப் பிந்திய எழுத்து, அந்த ஆண்டுதான் வட ஆர்க்காடு பிரிந்தது. அந்த மாவட்டத்துக் கூத்து ஊரான புரிசையின் பெயருக்குப் பக்கத்தில் ‘வ.ஆ.’ (வட ஆர்க்காடு) என்றிருந்தால் அதற்கு முந்தியதாக இருக்கலாம், உறுதியில்லை. பழைய பெயரை எழுதும் பழக்கம் லேசில் போகாது. அட்டையில் உள்ளதை அப்படியே பட்டியலில் ஏற்றி, இன்றைய மாவட்டத்தைத் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

‘நல்ல பாட்டு’ என்று பொறுக்குவதில்தான் எனக்கு உடன்பாடில்லை. மேடைக்குப் பாடுகிறவர் சுருக்குவார், மெட்டை நேராக்குவார். அவர் குரலையும், அவருக்குப் பாடிக் கொடுத்த நடவுக்காரப் பெண்ணின் குரலையும் கலந்து ‘வாத்தியார் பாடல்கள்’ என்று கொடுத்தால், சேகரித்தவரின் உழைப்பே மறைந்துவிடும். ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர் பெயர், ஊர், என்ன வேலையின்போது என்று இருக்கட்டும். பெயர் தெரியாத குரலை அந்த ஊரிலேயே போட்டுக் காட்டிக் கேளுங்கள். இன்னும் அடையாளம் சொல்ல ஆள் இருக்கும்.

ஒப்பாரியை மட்டும் பென்டிரைவில் சேர்க்க வேண்டாம். வாத்தியார் கேட்டதற்காகப் பாடிய ஒப்பாரி வேறு, சாவு வீட்டில் பதிந்தது வேறு. இரண்டாவதில் செத்தவர் பேரும் உறவுச் சண்டையும் வரும். அதை முதலில் அந்த வீட்டார் கேட்கட்டும். வெளியே விடுவதா என்பதை அவர்கள் சொல்லட்டும்.